இயல் 4: கருவியைத் தேர்தலும் கருவியோடு பழகுதலும்

இசைக்கருவி ஒன்றைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கருவி எளிது என்பதாகும். ஒருவருக்கு எளிதில் படியும் கருவி மற்றொருவரின் மூச்சுக்கோ விரலுக்கோ வீட்டுக்கோ ஒவ்வாமல் போவதுண்டு என்பதால், இக்கேள்விக்குப் பொதுவான விடை கூற இயலாது. காது, உடல், ஊர்க்காற்று, அன்றாட வேலை ஆகிய நான்கும் ஒரு கருவியிடத்தில் ஒத்துவருவதையே இவ்வியல் பொருத்தம் என்று குறிக்கிறது. பொருத்தத்தை ஆராய்ந்து அறியலாம்; பற்று அவ்வாறு ஆராய்ந்து பெறுவதன்று, கருவிக்குச் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளை நாள்தோறும் செய்துவருகையில் அது தானே ஊறுகிறது. வெம்பக்கோட்டையையும் அதனைச் சூழ்ந்த சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணைப் பகுதிகளையும் கருத்தில் கொண்டு, பொருத்தமும் பற்றும் இங்கே விளக்கப்படுகின்றன.

கருவி வகையும் கட்டைக் கணக்கும்

தமிழ் இசை மரபு கருவிகளை அவை ஒலிக்கும் முறையைக் கொண்டு வகுக்கிறது. பறை, தவில், மிருதங்கம் போன்று தோல் அதிர்ந்து ஒலிப்பவை தோற்கருவிகள். குழல், நாதசுரம், சங்கு போன்று காற்று புகுந்து ஒலிப்பவை துளைக்கருவிகள். யாழ், வீணை, வயலின் போன்று தந்தி அதிர்ந்து ஒலிப்பவை நரம்புக்கருவிகள். தாளம், சேகண்டி போன்ற உலோகக் கருவிகள் கஞ்சக்கருவிகள். மனிதக் குரல் மிடற்றுக்கருவி எனப்படும். வெம்பக்கோட்டைக்கு அருகே வைப்பாற்றின் கரையிலுள்ள விஜயகரிசல்குளத்தில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வளையலாக அறுபட்ட அதே சங்கு முழுதாக இருந்து, முனையில் துளை பெற்றால் ஊதுகருவியாகிவிடும் என்பது இப்பகுப்பை நினைவில் இருத்திக்கொள்ள உதவும்.

கருவியைத் தேர்வதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு சொல் ‘கட்டை’ என்பதாகும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனக் குறிப்பது வழக்கம். ஒரு பாடகரின் ஆதார சுருதி, அதாவது அவர் ‘ச’ என்று தொடங்கி நிற்கும் இடம், எந்தக் கட்டையோடு ஒத்துப்போகிறதோ அதுவே அவருடைய கட்டை. ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண் குரல்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் அமைகின்றன. சிவகாசியில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, விடுதலைப் போராட்டப் பாடல்களை மேடையில் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸ் போன்ற நாடக நடிகர்கள் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்குமாறு பாட வேண்டியிருந்ததால், அக்கால நாடக மேடையில் உயர்ந்த கட்டையே மதிப்புப் பெற்றது. இன்றைய கற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தம் குரல் வலியின்றி நிற்கும் கட்டையைச் சுருதிப் பெட்டியின் துணையால் முதலில் கண்டுகொண்டு, கூடியவரை அதற்கு இயைந்த கருவியை நாடுவதே முறை. தாம் வாசிக்கும் கருவியோடு சேர்ந்து பாட முடிந்தவர், தவறிய சுரத்தைத் தாமே கண்டுபிடிப்பார்.

ஊர்க்காற்றைக் கணக்கில் எடுத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கரிசல் நிலம் இது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து முடிய, எஞ்சிய மாதங்களில் வறண்ட காற்றே வீசுகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கொல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நிலைநிறுத்துவதற்கும், பின்னர் பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்றுவதற்கும் துணைநின்ற காரணங்களுள் இவ்வறட்சியும் ஒன்று. குச்சியையும் மருந்தையும் காயவைக்கும் அதே காற்று, வீட்டில் மாட்டியிருக்கும் கருவியையும் காயவைக்கிறது என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

வறண்ட காற்றில் தோல் இறுகுவதால் தோற்கருவியின் சுருதி ஏறுகிறது. ஈரக்காற்றில் தோல் தளர்வதால் சுருதி இறங்கி ஒலி மந்தமாகிறது. மரம் வறட்சியில் சுருங்குகிறது; அதனால் வீணை, வயலின் ஆகியவற்றின் ஒட்டுகள் விடுவதும், தந்தியை முறுக்கும் பிரடைகள் பிடி தளர்ந்து வழுக்குவதும் நேர்கின்றன. சுட்ட மண்ணாலான கடம் இவ்விரு மாற்றங்களாலும் பெரிதும் பாதிக்கப்படாமல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கிறது. தகரக் கூரையோ கல்நார்க் கூரையோ வேய்ந்த வீடுகளில் சித்திரை, வைகாசியில் ஏறும் வெப்பம் இவ்விளைவுகளைப் பெருக்குவதால், அத்தகைய வீட்டில் மரக் கருவியைக் கூரைக்கு அருகிலுள்ள பரணில் வைக்காமல், பெட்டியில் இட்டுத் தரையோடு ஒட்டிய குளிர்ந்த மூலையில் வைப்பது நன்று.

காதைக் காத்தல், காதால் தேடல்

கருவியைத் தேடும் வேலை கடையில் தொடங்குவதன்று. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடி வெள்ளிகள், சிவகாசியின் பங்குனி, சித்திரைப் பொங்கல்கள், திருவில்லிபுத்தூரின் ஆடிப்பூரம் ஆகியவை இப்பகுதியில் கட்டணமின்றிக் கருவிகளைக் கேட்கக் கிடைக்கும் இடங்களாகும். நையாண்டி மேளம், அதாவது நாதசுரம், தவில், பம்பை முதலியவை கூடிய கரகாட்ட இசைக்குழு வாசிக்கையில், கூட்டத்தின் நடுவே நின்று மொத்த முழக்கத்தைக் கேட்பதோடு அமையாமல், ஒவ்வொரு கருவியின் அருகிலும் சற்று நேரம் நின்று அதன் தனி ஒலியை மட்டும் பின்தொடர முயல வேண்டும். விழா முடிந்து வீடு திரும்பிய பின், மறுநாள் வேலைக்கிடையே வாய் தன்னையறியாமல் எந்த ஒலியை முணுமுணுக்கிறது, விரல் எதன் நடையைத் தட்டுகிறது என்று கவனித்தால், காதின் விருப்பம் ஓரளவு தெளிவாகும்.

காதின் நலத்தைப் பற்றியும் இங்கே கூறியாக வேண்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி எழுப்பும் பட்டாசுகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை. அவ்வரம்புக்கு உட்பட்ட ஒலியே காதைக் களைக்கச் செய்யப் போதுமானது. களைத்த காதுக்குக் கூர்மையான ஒலிகள் மங்கிக் கேட்பதால், வெடிச் சோதனைக்கோ பெருந்திருவிழா வாணவேடிக்கைக்கோ அருகில் இருந்தவர் அன்று கருவியைத் தேர்வதையும் சுருதி கூட்டுவதையும் தவிர்த்து, ஓர் இரவு உறங்கி எழுந்த பின் அவ்வேலையைச் செய்ய வேண்டும். காதில் தொடர்ந்து இரைச்சல் உள்ளவர்கள் முதலில் காது மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

கருவிகள் சில, அருகிலிருந்து

பறை: வளைந்த வேப்பமரத் துண்டுகளை வட்டமாக இணைத்த சட்டத்தின் மேல், புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிப் பறை செய்யப்படுகிறது. இடத்தோளில் வாரால் மாட்டி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியையும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியையும் பிடித்து வாசிப்பர். நின்றும் நடந்தும் ஆடியும் வாசிக்கப்படுவதால், உட்கார்ந்து கற்கப் பொறுமையற்ற இளைஞருக்கு இது பெரிதும் ஏற்றது. ஈரத்தில் தளர்ந்த தோலை நெருப்பருகே காட்டி முறுக்கேற்றுவது பறைக்கே உரிய சடங்கு போன்ற வேலை. தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இடையிடையே விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமான ஒலி கணீரென்று மாறும் கணத்தில் எடுத்துவிட வேண்டும், சற்றுத் தாமதித்தாலும் தோல் வெடித்துவிடும். பட்டாசுத் தொழில் நடைபெறும் ஊர்களில் இவ்வேலைக்கு ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: ஆலைக்குச் சென்று வந்த உடையோடும், அலுமினியப் பொடியோ வேறு மருந்தோ படிந்த கைகளோடும் நெருப்பின் அருகே செல்லவே கூடாது. குளித்து உடை மாற்றிய பின், ஆலை, கிடங்கு, திரியும் குழாயும் வைத்திருக்கும் வீடு ஆகியவற்றுக்குத் தொலைவான வெட்டவெளியில் மட்டுமே தோலைக் காய்ச்ச வேண்டும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் நண்பகல் வெயிலே அதற்குப் போதும். நெருப்பே வேண்டாத செயற்கைத் தோல் பூட்டிய பறைகளும் இப்போது கிடைக்கின்றன.

கடம்: வைகைக் கரையிலுள்ள மானாமதுரை, கனத்த கடத்துக்குப் பெயர்பெற்ற ஊர், அவ்வூர் மட்பாண்டத் தொழில் 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. சக்கரத்தில் வனைந்த பானையை, உள்ளே ஒரு கையால் கல்லை ஏந்திக்கொண்டு வெளியே மரப்பலகையால் திரும்பத் திரும்பத் தட்டிச் சுவரின் கனத்தை எங்கும் ஒரே சீராக்குவதே கடம் செய்வதன் நுட்பம். சூளையிலிருந்து வெளிவந்த கடத்தின் சுருதியை உயர்த்த இயலாது. உட்புறம் களிமண் போன்ற மாவுப்பொருளை அப்பிச் சிறிதளவு இறக்கவே முடியும். ஆகவே விரும்பிய கட்டையில் கடம் வேண்டுவோர் சுருதிப் பெட்டியை உடன் கொண்டுசென்று, பல பானைகளைத் தட்டிப் பார்த்துத் தேர வேண்டும். வாய், கழுத்து, வயிறு என ஒவ்வோர் இடத்தையும் தட்டுகையில் ஒலிகள் தெளிவாக வேறுபட வேண்டும். எங்கேனும் ஒலி சலசலத்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருப்பதாகக் கொள்ளலாம். ஈரமும் வறட்சியும் தாக்காத கருவி என்பதால் கரிசல் நாட்டுக்கு இது மிகப் பொருந்தும். ஆனால் விரல் நுனியும் மணிக்கட்டும் கடினமான மண்ணில் மோத வேண்டியிருப்பதால், நாள் முழுவதும் பட்டாசுக் குழாய் உருட்டியோ தீப்பெட்டி ஒட்டியோ விரல் மூட்டு வலியோடு இருப்பவர்கள் தொடக்கத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் வாசிக்கலாகாது.

நாதசுரம்: தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நாதசுரம் 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. குட்டையாகவும் உயர்ந்த சுருதியுடனும் இருப்பது திமிரி; நீண்டும் தாழ்ந்த சுருதியுடனும் இருப்பது பாரி. முன்பு திமிரியே வழக்கில் இருக்க, டி.என். ராஜரத்தினம் பிள்ளை பாரியை மேடைக்கருவியாக நிலைநாட்டினார். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கருவி செய்தளித்தார். கருவிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது போலவே, தேர்ந்த ஆசாரியின் துணையோடு கருவியைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வதும் முறையானதே என்பதற்கு இதுவே சான்று. ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), வெம்பக்கோட்டைக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்து, ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வாசித்ததன் மூலம் நாதசுரத்தை எல்லோருடைய காதுக்கும் கொண்டுசேர்த்தார். இக்கருவியின் உயிர் சீவாளி எனப்படும் ஊதுவாய். கொறுக்கை என்னும் நாணல்வகைப் புல்லால் ஆன இதனை வாசிக்கும் முன் வாயில் வைத்து நனைத்துப் பதப்படுத்த வேண்டும். வறண்ட காற்றில் சீவாளி விரைவில் காய்ந்துவிடுவதால், இப்பகுதியில் வாசிப்போர் பல சீவாளிகளைக் கைவசம் வைத்திருப்பது இன்றியமையாதது. மூச்சு இதற்கு முதல் மூலதனம். தூசியாலோ பட்டாசு மருந்துப் புகையாலோ இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மருத்துவரின் சொல் கேட்ட பின்னரே துளைக்கருவிகளில் இறங்க வேண்டும்.

வயலின்: அயல்நாட்டுக் கருவி மனத்துக்கு நெருக்கமாக வருமா என்று ஐயுறுவோருக்கு விடை எட்டயபுரத்தில் உள்ளது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786), சென்னையில் ஐரோப்பிய இசைக் கலைஞரிடம் வயலின் கற்று, அதில் நம் இசையை வாசித்துக் காட்டியவர். பின்னர் எட்டயபுரம் அரண்மனையின் வித்துவானாக விளங்கினார். குரலின் குழைவையெல்லாம் தந்தியில் கொண்டுவர முடியும் என்பதே அவரை அக்கருவியிடம் ஈர்த்திருக்கக்கூடும். மோவாய்க்கடியில் இடுக்கி நின்று வாசிக்கும் மேலைநாட்டு முறை இங்கே, சம்மணமிட்டமர்ந்து கருவியின் தலைப்பகுதியை வலக்கணுக்காலின் மேல் நிறுத்தி வாசிக்கும் முறையாயிற்று. முழு அளவு, முக்கால், அரை, கால் என வயலின் பல அளவுகளில் கிடைப்பதால், வளரும் பிள்ளைக்குப் பெரிதாக வாங்கிவைத்துக் கை வளரும்வரை காத்திருக்கச் செய்வது தவறு. வறட்சியில் பிரடை வழுக்கினால் அதில் சிறிது சுண்ணக்கட்டியைத் தடவுவது பழைய கைவைத்தியம்.

வில்: தனியொருவராகக் கற்க விருப்பமில்லாதவர்களுக்கு வில்லுப்பாட்டு ஏற்றது. பெரிய வில், அதில் பிணைத்த குடம், உடுக்கை, தாளம், மரக்கட்டை என ஐவரோ அறுவரோ சேர்ந்தாலன்றி இக்கலை நிகழாது. வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்பவர் நடுவில் இருக்க, மற்றவர்கள் ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துகின்றனர். தென்மாவட்டங்களின் கோயில் கொடைகளில் வளர்ந்த இக்கலையில் சாத்தூர் பிச்சைக்குட்டி பெரும்புகழ் பெற்றவர். சுரம் பிடிபடாதவர் குடத்திலும், தாளம் பிடிபடாதவர் பின்பாட்டிலும் இடம் பெறலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

பிறப்பு தேர்ந்த கருவியும் மனம் தேர்ந்த கருவியும்

இன்ன குலத்தார்க்கு இன்ன கருவி என்றும், பெண்களுக்கு நாதசுரமும் தவிலும் ஆகா என்றும் நெடுங்காலம் வழக்கம் இருந்ததால், பலர் தமக்குப் பொருத்தமான கருவியைத் தொடவே வாய்ப்பின்றிப் போயினர். பறையை வாசித்தோர் இழிவுக்கும் ஆளாக்கப்பட்டனர். அவ்வழக்கம் உடைந்துவருகிறது. மதுரை பொன்னுத்தாயி நாதசுரத்திலும், சுகன்யா ராம்கோபால் கடத்திலும் பெண்களுக்கு வழி திறந்தனர். இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா நாதசுர மேதையாகத் திருவரங்கத்தில் வாழ்ந்தார். அலங்காநல்லூர் வேலு ஆசான் பறைக்காக 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். பிள்ளைக்குக் கருவி தேரும் பெற்றோர் ‘இது நமக்கு வழக்கமில்லை’ என்பதைக் காரணமாகக் காட்டும்போது, அது பிள்ளையின் காதையோ கையையோ பற்றிய காரணம் அன்று என்பதை உணர வேண்டும்.

வீடு, வேலை, ஆசிரியர்

விடியற்காலையில் ஆலை வண்டி ஏறி மாலையில் திரும்புவோருக்குக் கிடைப்பது இரவு நேரமே. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இரவு ஒன்பது மணிக்குத் தவில் பழக இயலாது. கடமும் குழலும் வயலினும் கதவைச் சாத்தினால் அடங்கும். தவிலையோ பறையையோ விரும்புவோர் நாள்தோறும் கையைத் தொடையிலும் பலகையிலும் பழக்கிவிட்டு, வார விடுமுறையில் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் முழுதாக வாசிக்கலாம். குழல் வாங்குவோர், கட்டை குறையக் குறையக் குழல் நீண்டு துளைகளின் இடைவெளி அகலும் என்பதை அறிந்து, விரல் எட்டும் அளவிலேயே தொடங்க வேண்டும்.

அருகில் ஆசிரியர் இல்லாத கருவி, எவ்வளவு விரும்பினாலும் ஓராண்டில் பரணேறிவிடும். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளி விருதுநகரில் உள்ளது. இத்தகைய பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை, 12 முதல் 25 வயது வரையுள்ளோருக்கு மூன்றாண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றன. அவ்வயதைக் கடந்தவர்கள் விழாக்களில் கேட்டு விரும்பிய கலைஞரையே நேரில் அணுகலாம். முகூர்த்தமும் திருவிழாவும் குறைந்த மாதங்களில் அவர்களுக்குக் கற்பிக்க நேரம் கிடைக்கும்.

ஒரு மண்டலச் சோதனை

விலை கொடுத்து வாங்குவதற்கு முன், ஆசிரியரிடமோ கலைஞரிடமோ பழைய கருவி ஒன்றை இரவலாகவோ வாடகைக்கோ பெற்று, ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், வீட்டில் வைத்துப் பழகிப் பார்ப்பது சிறந்த சோதனையாகும். அந்நாட்களில் எவ்வளவு வாசிக்க வந்தது என்பதை அளக்க வேண்டியதில்லை. எந்தக் கருவியிலும் 48 நாட்களில் வருவது சொற்பமே. அளக்க வேண்டியது வேறு. கருவி ஒவ்வொன்றும் வாசிப்பவரிடம் ஒரு வேலையைக் கேட்கிறது: பறை காய்ச்சச் சொல்கிறது; நாதசுரம் சீவாளியை நனைக்கச் சொல்கிறது; மிருதங்கம் இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பவும், வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டித் துடைக்கவும் சொல்கிறது; தவில் பூவரசங்கழியையும் விரலில் மாட்டும் கூடுகளையும் பேணச் சொல்கிறது; வயலின் நாள்தோறும் சுருதி கூட்டச் சொல்கிறது. இவ்வேலைகள் வாசிப்புக்கு முன்னும் பின்னும் கால்மணி நேரத்தை எடுத்துக்கொள்பவை. இவற்றைக் கண்டு கைதட்டுவோர் ஒருவரும் இல்லை.

மண்டலம் முடிகையில், அலுத்துத் திரும்பிய மாலையிலும் இவ்வேலையைச் செய்யக் கை தானாகச் சென்றிருந்தால், அக்கருவியை வாங்கலாம். இவ்வேலை சுமையாகவே இருந்து, ஒலி மட்டும் இனித்திருந்தால், கருவியைத் துடைத்து உரியவரிடம் சேர்த்துவிட்டு, அவ்வொலியின் நல்ல இரசிகராக இருந்துகொண்டு, அடுத்த கருவியைக் கேட்டுப் பெறலாம். திருப்பிக் கொடுப்பதில் குறைவு ஒன்றுமில்லை. இரண்டாவது மண்டலத்தில் கருவியைக் கண்டடைபவர், முதல் மண்டலத்தில் தம் காதையும் கையையும் அறிந்துகொண்டவராகவே அதனிடம் வருகிறார்.